பெரிய கதிராகப் பொறுக்கி விதைக்கு வைத்தும் செஞ்சோளம் விளைச்சல் ஏறவில்லை, என்ன தப்பு செய்கிறேன்?

செம்மண்கொல்லை

எல்லாருக்கும் வணக்கம். அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் மேட்டுக்கொல்லை. கிணறு இருக்கிறது, ஆனால் வைகாசியிலேயே அடி தெரிந்துவிடும், அதனால் மானாவாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் சோளம் போட்டு இடையில் துவரையும் அவரையும் சால் விடுவோம். சோளம் எங்கள் வீட்டுச் செஞ்சோளம்தான். பாட்டி கல்யாணமாகி வந்தபோதே இந்த விதை பரணில் இருந்தது என்று அப்பா சொல்வார். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், தட்டு இரண்டு மாட்டுக்கு மாசி வரைக்கும் வந்துவிடும், களி கிண்டினால் மறுநாள் காலையில் மோரில் கரைக்கிற வரைக்கும் புளிக்காமல் நிற்கும். அதனால்தான் விட மனசு வரவில்லை.

குறை என்னவென்றால் விளைச்சல். ஏக்கருக்கு 100 கிலோ மூட்டையில் ஐந்து, மழை கைகொடுத்தால் ஆறு. ஆறு வருடமாக விதை எடுப்பது நான்தான். அறுத்துக் களத்தில் குவித்ததும், அடிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து கைக்கு அடங்காத கதிராக இருநூறு முந்நூறு பொறுக்கி, தனியாகக் கட்டி, புகை படுகிற மாதிரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, அடுத்த ஆடிக்கு அதையே விதைக்கிறேன். ஆறு வருடமும் இதே வேலை. கொல்லையில் கதிர் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே சின்னதும் பெரியதுமாகத்தான் வருகிறது, மூட்டைக் கணக்கும் மாறவில்லை.

நடுவில் ஒரு வருடம் கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கிப் போட்டோம். முதல் வருடம் குறையே சொல்ல முடியாது. அதிலிருந்து விதை எடுத்து மறுவருடம் போட்டபோது ஒன்று இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேல், சில கதிரில் பாதி மணி பிடிக்கவே இல்லை. கடையில் இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் கேள்வி இதுதான். எங்கள் வீட்டு விதைக்குள்ளேயே விளைச்சலை ஏற்ற வழி இருக்கிறதா, இல்லை அது அவ்வளவுதானா? ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் எப்படி ஏற்றுகிறார்கள்? அதில் நம்மால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இப்போது பயிர் முழங்கால் உயரத்தில் நிற்கிறது, சொன்னால் இந்த வருடமே செய்துவிடுவேன்.


கதிர்ப்பை

முதுநிலையில் பயிர்ப் பெருக்கம் படித்தவன், ஆய்வும் சோளத்தில்தான். பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். களத்தில் பொறுக்குகிறீர்களே, அந்தக் கதிர் கொல்லையில் எந்த இடத்தில் நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா? வரப்போரம், எருக்குழி ஓரம், பயிர் அடர்த்தி குறைந்த இடம், இங்கெல்லாம் கதிர் எப்படி இருக்கும்?


செம்மண்கொல்லை

களத்துக்கு வந்த பிறகு எது எங்கே நின்றது என்று எப்படித் தெரியும், எல்லாம் ஒரே குவியல். ஆனால் நீங்கள் கேட்ட பிறகு யோசித்துப் பார்க்கிறேன், கிணற்று மேட்டு ஓரத்திலும் மாடு கட்டுகிற இடத்துக்குக் கீழேயும்தான் கதிர் எப்போதும் பெரியதாக இருக்கும். மேல்கோடியில் சரளை, அங்கே எல்லாம் விரல் பருமன்தான்.


கதிர்ப்பை

அப்படியென்றால் ஆறு வருடமாக நீங்கள் விதையைத் தேர்ந்தெடுக்கவில்லை, மாட்டுச் சாணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வருத்தப்பட வேண்டாம், இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் பயிர்ப் பெருக்கம் என்கிற படிப்பே பாதி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கதிர் பெரியதாக இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று அந்தச் செடியின் பிறவி. இன்னொன்று அது நின்ற இடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்தே தெரியும். அடுத்த தலைமுறைக்குப் போவது முதலாவது மட்டும்தான், கிணற்று மேட்டு ஈரம் விதையோடு வராது. கொல்லையில் தெரியும் மொத்த வேறுபாட்டைச் சராசரியோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொன்னால் அதை பி.சி.வி. என்போம். மண், ஈரம், இடைவெளி எல்லாம் செய்த வேலையைக் கழித்துவிட்டு, விதை மட்டும் உண்டாக்கிய வேறுபாட்டைச் சொன்னால் ஜி.சி.வி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண்ணால் பார்த்துப் பொறுக்குவது பலிக்கும். பி.சி.வி. பெரியதாகவும் ஜி.சி.வி. சின்னதாகவும் இருந்தால், உங்கள் கதைதான்.

மொத்த வேறுபாட்டில் விதையின் பங்கு எவ்வளவு என்பதற்குப் பெயர் பாரம்பரியத் திறன், வகுப்பில் ஹெரிட்டபிலிட்டி என்றே சொல்வார்கள். இதை வைத்து ஒரு தலைமுறைத் தேர்வில் எவ்வளவு முன்னேற்றம் வரும் என்று கணக்குப் போடலாம். ஜான்சன், ராபின்சன், காம்ஸ்டாக் மூவரும் 1955ல் எழுதியது, இன்றைக்கும் எல்லா ஆய்வேட்டிலும் இந்தக் கணக்குதான். உங்கள் கொல்லையை வைத்தே போடுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். சராசரி கதிரில் 15 கிராம் மணி, செடிக்குச் செடி ஏற்ற இறக்கம் 5 கிராம் என்று வைப்போம். நூற்றுக்கு ஐந்து செடியை மட்டும் விதைக்கு எடுத்தால் பெருக்க வேண்டிய எண் 2.06. விதையின் பங்கு பத்தில் ஆறு என்றால் 2.06 பெருக்கல் 0.6 பெருக்கல் 5, அதாவது ஒரே தலைமுறையில் 6 கிராம் கூடும். 15 என்பது 21 ஆகிவிடும். விதையின் பங்கு பத்தில் ஒன்றுதான் என்றால் ஒரு கிராம்தான் கூடும். அந்த ஒரு கிராமை ஒரு நாள் மழை தள்ளிப்போனால் விழுங்கிவிடும், கண்ணுக்கே தெரியாது. பொறுக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றேதான்.

சோளத்தில் பூக்கும் நாள், உயரம், மணியின் பருமன், இவற்றில் விதையின் பங்கு பொதுவாக அதிகம். ஒற்றைச் செடியின் மகசூலில்தான் இடம் பூந்து விளையாடும். என் ஆய்வில் எனக்கும் மகசூலுக்கு நல்ல எண்தான் வந்தது, சந்தோஷப்பட்டேன். எங்கள் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார், எத்தனை வருடம், எத்தனை இடம்? ஒரு வருடம், ஒரே இடம். அப்படியென்றால் அந்த வருட மழைக்கு எந்த ரகம் ஒத்துப்போனதோ அந்த அதிர்ஷ்டமும் சேர்ந்துதான் விதையின் பங்காகக் கணக்கில் ஏறியிருக்கிறது, இரண்டாவது வருடம் போட்டுப் பார் என்றார். போட்டேன். எண் இறங்கியது. அதனால் ஒரே ஒரு பட்டத்தை வைத்து யார் என்ன சொன்னாலும் கொஞ்சம் நிதானமாகவே கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதைக்குள் வேறுபாடே இல்லாவிட்டால் எவ்வளவு கச்சிதமாகப் பொறுக்கினாலும் ஒன்றும் நடக்காது. டென்மார்க்கில் யோகான்சன் 1903ல் பீன்ஸை வைத்துக் காட்டியது இது. ஒரே செடியிலிருந்து வந்த தூய வழியில், வழி என்றால் வம்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய கொட்டையைத் தனியாகவும் சின்னக் கொட்டையைத் தனியாகவும் விதைத்தார், இரண்டின் வாரிசும் ஒரே சராசரியில் வந்து நின்றது. பல வழிகள் கலந்து கிடந்த விதையில் பொறுக்கியபோதுதான் பலித்தது. சோளம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருப்பிடிக்கும் பயிர், நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான் பக்கத்துச் செடியின் மகரந்தம் சேரும், தலைவிரித்த கதிரில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே உங்கள் பாட்டி காலத்து விதை என்பது ஏறக்குறைய தூயதாகிப்போன பல வழிகளின் கலவை. எத்தனை வழி இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கொல்லையில் ஒரு பருவத்தில் கண்டுபிடித்துவிடலாம், சொல்கிறேன்.

கடை விதை ஏன் மறுவருடம் அப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோள ஒட்டு விதை எல்லாம் ஆண் மலட்டுத் தாயை வைத்து உண்டாக்குவது. மைலோ சோளத்தின் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லில் உட்கருவுக்கு வெளியே இருக்கிற பகுதியில், காஃபிர் சோளத்தின் மரபணுவைக் கொண்டுவந்தால் மகரந்தம் செத்துப்போகும் என்று ஸ்டீபன்சும் ஹாலண்டும் 1954ல் காட்டினார்கள். அந்த மலட்டுத் தாய்க்கு வளத்தை மீட்டுக்கொடுக்கும் தகப்பன் வழியைச் சேர்த்தால் ஒட்டு விதை, அது நன்றாக மணி பிடிக்கும். அதன் பிள்ளைகளில் மீட்கும் மரபணு பிரிந்துபோகும், ஒரே மரபணு என்று வைத்தால் நாலில் ஒன்று மறுபடியும் மலடு. பக்கத்துச் செடியின் மகரந்தம் விழுந்த அளவுக்கு மணி பிடிக்கும், மிச்சம் பொக்கு. உயரமும் அப்படித்தான் பிரிந்து போகும். விதை கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான் வரும். அதை உங்களிடம் சொல்லாததுதான் தப்பு.


பாலக்கோட்டுக்காரன்

எல்லாம் சரி, ஆனால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் நம் மண்ணுக்கென்றே பையூர் 1, பையூர் 2 என்று சோளம் வெளியிட்டிருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து கே 12, கோயம்புத்தூரிலிருந்து கோ 30, கோ 32. இவை எல்லாம் ரகங்கள், ஒட்டு இல்லை, விதை எடுத்து மறுவருடமும் போடலாம். நான் போட்டவன், வீட்டுச் சோளத்தைவிட மூட்டை கூடவே கிடைத்தது. ஒருவர் தன் கொல்லையில் ஐந்து வருடம் பொறுக்கிச் செய்வதை அவர்கள் இருபது வருடம், பல இடத்தில் போட்டுப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். தம்பி ஒரு பை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும்.


கதிர்ப்பை

போட்டுப் பார்க்கத்தான் வேண்டும், நான் மறுக்கவில்லை. கீழே சொல்லப்போகும் சோதனையில் அதையும் ஒரு வரிசையாக வையுங்கள், அப்போதுதான் வீட்டு விதை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவர் கேட்டது களிக்கும் தட்டுக்கும் பிடித்துப்போன விதையைக் கைவிடாமல் ஏற்ற வழி. அதுவும் செய்யக்கூடியதுதான்.

செய்முறை இப்படி. முதலில் களத்தில் பொறுக்குவதை நிறுத்துங்கள். பயிர் நிற்கும்போதே கொல்லையை இருபது கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற செடிகளில் மட்டும் நல்லதாக இரண்டு மூன்று எடுங்கள். சரளைக் கட்டத்துச் செடி கிணற்று மேட்டுச் செடியோடு போட்டி போடக் கூடாது, அதன் பக்கத்துச் செடியோடுதான் போட்டி போட வேண்டும். கார்ட்னர் என்பவர் 1961ல் மக்காச்சோளத்தில் இப்படிச் செய்தார், கட்டம் கட்டிப் பொறுக்குவது என்று இதற்குப் பேர். வரப்பிலிருந்து இரண்டு வரிசையைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் செடி செத்துப்போய் இடம் காலியாக இருந்தால் அந்தச் செடியையும் விட்டுவிடுங்கள், நாலு பக்கமும் நெருக்கத்தில் நின்று நல்ல கதிர் வாங்கிய செடிதான் வேண்டும்.

இப்படி ஐம்பது கதிர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்து, தனித்தனிப் பொட்டலம், எண் போட்டு வையுங்கள். கலந்துவிட்டால் எல்லாம் போச்சு. அடுத்த ஆடியில் ஒவ்வொரு பொட்டலத்திலும் பாதி விதையை மட்டும் எடுத்து, ஒரு கதிருக்கு ஒரு வரிசை, 5 மீட்டர் நீளம், வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15. இதையே கொல்லையில் இன்னொரு இடத்திலும் ஒரு முறை போடுங்கள். பத்து வரிசைக்கு ஒரு வரிசை உங்கள் பொது விதை. மொத்தம் நூற்றுப் பத்து வரிசை, ஏழு சென்ட் கூட ஆகாது. ஒரே கதிரின் பிள்ளைகள் இரண்டு இடத்தில் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பது மண் செய்த வேலை. கதிருக்குக் கதிர், இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்கிற வித்தியாசம் விதை செய்த வேலை. தராசு ஒன்று போதும், வேறு கருவி எதுவும் வேண்டாம். இரண்டு இடத்திலும் பொது விதையைத் தாண்டி வந்த எட்டுப் பத்து வரிசையைக் குறித்துக்கொண்டு, மீதி வைத்திருந்த பாதிப் பொட்டலத்திலிருந்து அதற்கடுத்த வருடம் பெரிய பாத்தியில் போடுங்கள்.

ஐம்பது வரிசையும் ஒரே மாதிரி வந்தால் உங்கள் விதையில் வேறுபாடு தீர்ந்துவிட்டது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். அதுவும் ஒரு விடைதான்.

ஒரு எச்சரிக்கை. வரிசையில் களைந்து எடுக்கும் இளம் சோளப் பயிரை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு, வெயிலில் வாடி நின்ற பயிரில் இன்னும் அதிகம். தெரிந்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.


ஊத்தங்கரை மேட்டுநிலம்

தம்பி, கதிர்ப்பை சொன்ன கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் பட்டு அறிந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கதிரின் பருமனை மட்டும் பார்க்காதே.

நானும் உன்னை மாதிரியே நாலு வருடம் நீளக் கதிராகப் பொறுக்கினேன். களத்தில் இல்லை, நின்ற பயிரிலேயே பார்த்துப் பார்த்து எடுத்தேன். எனக்குப் பலித்தது, கதிர் பெரியதாகத்தான் வந்தது. ஆனால் பூக்கிற நாள் தள்ளிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. அதிக நாள் வளர்கிற செடி அதிக இலை விடும், அதிக இலை இருந்தால் கதிர் பெரியதாக வரும், நான் பெரிய கதிர் என்று நினைத்து நாள்பட்ட செடியையே பொறுக்கியிருக்கிறேன். நாலாவது வருடம் புரட்டாசி முடிவோடு மழை நின்றுபோனது. பக்கத்துக் கொல்லையில் குட்டைக் கதிர் எல்லாம் மணி முற்றிவிட்டது, என்னுடையது அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டு நின்றது. நசுக்கிப் பார்த்தால் விரலில் வெறும் தண்ணி. கதிர் முழ நீளம், தூற்றினால் பாதி உமியோடு பறந்தது. அந்த வருடம் விதைக்கே பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன்.

அதற்கப்புறம் நான் பூக்கிற நேரத்தில் கொல்லைக்குள் போவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சோளம் விடியற்காலையில் பூக்கும், கிழக்கு வெளுக்கும்போது போய்ப் பார். முதல் நாள் கதிரின் உச்சியில் மட்டும் மஞ்சளாகத் தூள் தொங்கும், மறுநாள் அது காய்ந்து பழுப்பாகி அதற்குக் கீழே ஒரு வளையம் மஞ்சள், இப்படி நாளுக்கு ஒரு வளையமாக இறங்கி ஐந்தாறு நாளில் அடிக்கு வந்துவிடும். வெயில் ஏறிப் போனால் ஒன்றும் தெரியாது. பாதிக் கதிர் பூத்த அன்றைக்கு அந்தச் செடியில் ஒரு துணி கட்டிவிடு. முதல் வாரம் பூத்ததற்கு வெள்ளைத் துணி, அடுத்த வாரம் பூத்ததற்கு வேறு துணி. அறுக்கும்போது பருமனை வெள்ளைத் துணிக்குள்ளேயே ஒப்பிடு.

இன்னொன்று, மணி முற்றி மற்றச் செடி எல்லாம் அடியிலிருந்து காய்ந்து வரும்போது சில செடி மட்டும் மேல் நாலு இலை பச்சையாகவே நிற்கும். காற்றுக்கும் சாயாது, தட்டும் மாட்டுக்கு ருசியாக இருக்கும். அதை விடாதே.


கதிர்ப்பை

ஐயா சொன்னது இரண்டுமே புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குணத்தை இழுத்தால் அதோடு கட்டியிருக்கிற இன்னொரு குணமும் கூடவே வரும், இணைப்புத் தொடர்பு என்போம். சோளத்தில் கதிர் எடை, கதிருக்கு எத்தனை மணி, மணியின் எடை, மூன்றும் மகசூலோடு நேராகப் போகும், பூக்கும் நாள் இடத்தைப் பொறுத்து இப்படியும் போகும் அப்படியும் போகும். தண்ணி இருக்கிற இடத்தில் நாள் கூடினால் லாபம், அரூர் மேட்டில் நாள் கூடினால் நட்டம்.

பச்சை இலை நிற்பதைப் பற்றி உலகம் முழுக்க வேலை நடக்கிறது. எத்தியோப்பியச் சோளத்திலிருந்து எடுத்த பி 35 என்கிற வழிதான் அதற்கு முக்கிய ஊற்று, பின்பருவ வறட்சியிலும் இலை காயாமல் மணிக்குச் சோறு போடும். அதை ஐயா தன் கொல்லையில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.


விதைப்பெட்டி

பென்னாகரம் பக்கம், பெண்கள் குழுவில் விதை சேர்க்கிறோம். தம்பி, உன் வீட்டு விதை மட்டும் என்று நின்றுவிடாதே. ஆறு வருடம் கிணற்று மேட்டுக் கதிரையே எடுத்திருக்கிறாய், ஒரே இடத்தில் நின்ற சில வழிகளே மறுபடி மறுபடி வந்து மற்றவை கழிந்துபோயிருக்கலாம். உன் ஊரிலேயே இன்னும் பத்து வீட்டில் செஞ்சோளம் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கதிர் கேட்டு வாங்கு, அதையும் வரிசையில் சேர். நாங்கள் மூன்று ஊரில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தோம், எல்லாரும் செஞ்சோளம் என்றுதான் கொடுத்தார்கள். ஒன்று தலை இறுகி உருண்டையாக இருந்தது, ஒன்று தலைவிரித்து நின்றது, ஒன்றில் காம்பு வளைந்து கதிர் கொக்குக் கழுத்து மாதிரி கவிழ்ந்திருந்தது. அந்தக் கவிழ்ந்த கதிரில்தான் கிளி உட்கார முடியாமல் திணறியது என்று ஒரு அம்மா காட்டிக்கொடுத்தார்.

வெளியிலிருந்து வேறுபாடு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுச் சோளமே சாட்சி. இந்தியச் சோளம் பெரும்பாலும் துர்ரா இனம். உலகத்தில் பைகலர், கினியா, காடேட்டம், காஃபிர் என்று இன்னும் நாலு இனம் இருக்கிறது. 1964ல் சி.எஸ்.எச். 1 என்று முதல் ஒட்டுச் சோளம் வந்ததே, அதன் தாய் காஃபிர் வழி. பிறகு சி.எஸ்.எச். 5, சி.எஸ்.எச். 9 இரண்டுக்கும் தகப்பன் சி.எஸ். 3541, அது ஆப்பிரிக்காவின் செரா செரா வகையிலிருந்து வந்தது. தூரத்துச் சொந்தத்தை நம் மண்ணோடு சேர்த்ததால்தான் அந்த விளைச்சல் வந்தது. ஐதராபாத் பக்கத்தில் பட்டாஞ்செருவில் இக்ரிசாட் என்கிற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் 36 ஆயிரத்துக்கு மேல் சோள மாதிரி வைத்திருக்கிறார்கள், அத்தனையையும் ஒருவர் போட்டுப் பார்க்க முடியாது என்று 242 மாதிரியைப் பொறுக்கி ஒரு சின்னத் தொகுப்பும் செய்திருக்கிறார்கள். அந்தப் பெரிய பெட்டிக்குள் போனது எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்ததுதான்.

கடைசியில் நல்ல வரிசை ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாதே. ஐந்தாறு நல்ல வரிசையைக் கலந்து விதை. மழை முன்னே பின்னே ஆனாலும் ஒன்று இல்லாவிட்டால் ஒன்று நிற்கும். ஒரே வழியாக இருந்தால் குருத்து ஈ வந்தாலும் மொத்தமாகப் போகும், வறட்சி வந்தாலும் மொத்தமாகப் போகும்.

விதை எடுத்துப் பக்கத்தாருக்குக் கொடுப்பதையும் விற்பதையும் பற்றிப் பயப்படாதே, 2001ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அதை உன் உரிமையாகவே வைத்திருக்கிறது, கம்பெனிப் பேர் போட்டு மட்டும் விற்கக் கூடாது.


செம்மண்கொல்லை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம். பக்கத்துக் கொல்லைக்காரர் வெள்ளைச் சோளம் போட்டிருக்கிறார், முப்பது அடி கூட இருக்காது. அந்த மகரந்தம் விழாதா?


கதிர்ப்பை

விழும். சான்று விதைப் பண்ணைக்கே ரகத்துக்கு 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி. உங்களால் கொல்லையை நகர்த்த முடியாது, அதனால் கதிரை மூடிவிடுங்கள். கதிர் முழுதாக வெளியே வந்ததும், உச்சியில் மஞ்சள் தெரிவதற்கு முன்னால், தடித்த காகிதப் பையைக் கவிழ்த்து அடியில் மடித்து நூல் கட்ட வேண்டும். கொடியிலையை, அதாவது கதிருக்கு நேர் கீழே இருக்கும் கடைசி இலையை, வெளியே விட்டுவிட்டுக் கட்டுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பையை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், புழு இருந்தாலும் தெரியாது. எடுத்த பிறகு குருவிக்காக மெல்லிய துணி சுற்றலாம். பூக்கும்போது எது நல்லது என்று தெரியாதே என்பீர்கள், அதனால் கட்டத்துக்கு எட்டுப் பத்துச் செடி மூடிவிட்டு அறுக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியிலும் அதைத்தான் செய்தோம். விடியற்காலை பை மாட்டப் போய்ச் சட்டை முழுக்க மகரந்தத்தோடு வகுப்புக்குப் போவோம்.


செம்மண்கொல்லை

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், கார்த்திகை பிறந்துவிட்டது. சொன்னபடியே கட்டம் கட்டினேன், இருபது வரவில்லை, கொல்லை கோணலாக இருப்பதால் பதினெட்டு. காகிதப் பை நூற்றைம்பது கட்டினேன், சிமெண்ட் மூட்டையின் உள்காகிதத்தை வெட்டித் தைத்தது அம்மா. ஐப்பசி மழையில் முப்பது நாற்பது பிய்ந்துபோனது. மேட்டுநில ஐயா சொன்ன விடியற்காலையையும் பார்த்தேன், இத்தனை வருடம் இதே கொல்லையில் நடந்தும் ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை.

கடைசியில் தேறியது 46 கதிர். ஊரில் நாலு வீட்டில்தான் செஞ்சோளம் இருந்தது, பத்து இல்லை, அங்கிருந்து ஆறு கதிர். ஆக 52. எல்லாம் தனித்தனிப் பொட்டலம், எண் போட்டுத் தகர டப்பாவில் வேப்பிலையோடு இருக்கிறது. மேல்கோடிச் சரளையிலிருந்து எடுத்த மூன்று கதிர் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் சுற்றி நின்ற செடி எல்லாம் சருகாகிவிட்டபோது அவை மட்டும் பச்சை இலையோடு நின்றன, அடித்தபோது மணி கல் மாதிரி விழுந்தது. 17, 18, 19 என்று எண்.

அப்பாவுக்குத்தான் ஒப்பவில்லை. கிணற்று மேட்டில் இந்த வருடமும் கை முழங்கை அளவு ஒரு கதிர் வந்தது, அதை விதைக்கு எடுக்காமல் விட்டதை அவரால் தாங்கவே முடியவில்லை, இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அவரே அந்தக் கதிரைத் தனியாக அடித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, இதையும் ஒரு வரிசை போடு, 17க்குப் பக்கத்திலேயே போடு, பார்த்துவிடலாம் என்று டப்பாவில் வைத்துவிட்டார். அதற்கு 53 என்று எழுதியிருக்கிறேன். ஆடி முடிந்து பூக்கும்போது இங்கேயே வந்து எழுதுகிறேன்.